வலைக்கண்ணில் நழுவும் அதிர்வு



நிலநடுக்கச் செய்தி வந்தால் கூடவே ஓர் அசைபடமும் தொலைக்காட்சியில் வந்துவிடுகிறது. சுமத்ராவின் மேற்குக் கரையோரம் ஒரு புள்ளி சிவக்கும். அதிலிருந்து நீலமும் மஞ்சளுமாக வளையங்கள் புறப்பட்டு, மலாக்கா நீரிணையைத் தாண்டி, நம் தீவைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த வண்ணத்துக்கு அடியில் ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெரும்பாலும் நமக்குக் காட்டுவதில்லை. வலையைப் பின்னியவர்களே கூட நெடுங்காலம் அதைக் கண்ணால் பார்க்க முடியாமல்தான் வேலை செய்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

"கிளமெண்டியில் பத்தாவது மாடியில் குடியிருப்பவருக்கு இதனால் என்ன?" என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2007 மார்ச் 6ஆம் தேதி முற்பகலில் சுமத்ராவின் சிங்காராக் ஏரிப் பக்கம் 6.4 அளவில் ஒரு நிலநடுக்கம். இரண்டு மணி நேரம் கழித்து 6.3 அளவில் இன்னொன்று. சிங்கப்பூருக்கும் அந்த இடத்துக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனாலும் இங்கே அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து தெருவில் நின்றார்கள். அதே நேரத்தில் தீவின் வேறு பகுதிகளில் இருந்தவர்களுக்கு மாலைச் செய்தி பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஒரே தீவு, ஒரே அதிர்வு; ஏன் இந்த வேறுபாடு?

காலடியில் இருக்கும் மண்தான் காரணம். கிளமெண்டி உள்ளிட்ட மேற்குப் பகுதியின் அடியில் இருப்பது ஜூரோங் படிவம் என்னும் பழைய படிவுப் பாறை. புக்கிட் தீமாவில் கருங்கல். ஆனால் காலாங், கேலாங், கடலோரம், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஆகிய இடங்களில் கிடப்பது காலாங் படிவம், கடற்களிமண். தீவின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்த இளமண்தான்.

தூரத்திலிருந்து வரும் அலையில் வேகமான குலுக்கல் வழியிலேயே தேய்ந்துவிடும். ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று மெதுவாக ஆடும் அலை மட்டும் வந்து சேரும். 30 மீட்டர் ஆழமுள்ள களிமண்ணில் குறுக்கலை விநாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், அந்த மண் தன்னியல்பாக ஆடும் காலம் ஒரு விநாடி. பத்து மாடிக் கட்டடம் தன்னியல்பாக ஆடும் காலமும் ஏறக்குறைய ஒரு விநாடி. அலை, மண், கட்டடம் மூன்றும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரம் பார்த்தது. நிலநடுக்கம் பசிபிக் கரையில். 350 கிலோமீட்டருக்கு அப்பால் பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நின்ற நடுத்தர உயரக் கட்டடங்கள் விழுந்தன. 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததும் நினைவிருக்கும். சிங்கப்பூரில் அப்படி எதுவும் நடந்ததில்லை. நடக்கும் என்று பயமுறுத்தவும் நான் வரவில்லை. எந்த மண்ணில் எவ்வளவு ஆடும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட முடியுமா என்பதுதான் நம் கேள்வி. அங்கேதான் வலை வருகிறது.

மீன்பிடி வலையின் துளையைக் 'கண்' என்போம். நெத்திலி பிடிக்கச் சின்னக் கண், பெரிய மீனுக்குப் பெரிய கண். நிலநடுக்கக் கணிப்பும் அப்படித்தான். பூமியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அங்குள்ள மண்ணின் எடை, விறைப்பு என்று எண்களைக் கொடுக்கிறார்கள். ஒரு பெட்டி அசைந்தால் பக்கத்துப் பெட்டியை எவ்வளவு தள்ளும் என்று கணினி திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. ஓர் அலையின் நீளத்துக்குள் சுமார் பத்துப் புள்ளிகளாவது இருந்தால்தான் எளிய முறைகளில் அந்த அலை ஒழுங்காக வலையில் சிக்கும். ஒரு விநாடி அலை பாறையில் 3 கிலோமீட்டர் நீளம். அதற்கு 300 மீட்டர் கண் போதும். அதே அலை களிமண்ணில் 120 மீட்டர்தான். அங்கே 12 மீட்டர் கண் வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லவேண்டும். கடலில் பெரிய கண்ணில் நழுவிய மீன் கடலிலேயே இருக்கும். கணினியில் அப்படியில்லை. கண் பெரிதாக இருந்தால் குறுகிய அலை சிதைந்து, தவறான வேகத்தில் ஓடி, பின்னால் பொய்யான சிற்றலைகளை இழுத்துக்கொண்டு வரும். அசைபடத்தில் அதுவும் அழகாகவே இருக்கும்! வண்ணத்தை மட்டும் பார்ப்பவருக்கு மெய் எது, பொய் எது என்று தெரியாது.

வலை விரித்துக் கணக்குப் போடும் எண்ணத்துக்கு நிலநடுக்கத் துறை வானிலையாளர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1922இல் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், எண்களால் வானிலையை முன்னறிவது பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதன் முகப்பிலேயே ஐரோப்பிய நிலப்படத்தின்மேல் சதுரங்கப் பலகை போல ஒரு கட்ட வரைபடம். வலையைப் படமாகக் காட்டிய பழைய முயற்சிகளில் இது ஒன்று. அவர் கையால் போட்ட கணக்கு ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று சொன்னது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தொடக்க அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் மனிதர் தோல்வியை மறைக்காமல் நூலிலேயே அச்சிட்டார். எனக்கு அவரைப் பிடிக்க அதுவே காரணம்.

1928இல் ஜெர்மனியில் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவர் ஒரு விதியைக் கண்டார்கள். கணக்கில் ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்துக்குள் அலை ஒரு கண்ணைத் தாண்டிப் போய்விடக்கூடாது. போனால் எண்கள் வெடித்துச் சிதறிவிடும். கணினியே இல்லாத காலத்து விதி இது. பின்னால் நாஜிகளால் நாட்டைவிட்டு நியூயார்க் சென்ற அதே கூரான்ட், 1943இல் ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழியையும் எழுதினார். விமான இறக்கைகளை ஆராய்ந்த பொறியாளர்கள் 1956இல் வேறு பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ரே கிளஃப் 1960இல் அதற்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' முறை என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்து வலையை எப்படிப் பார்த்தார்கள்? தாளில் கையால் வரைந்து, முனைகளுக்கு எண் போட்டு, அந்த எண்களைத் துளை அட்டைகளில் குத்திக் கணினிக்குக் கொடுப்பார்கள். பிறகு பேனா பிடித்துக் கோடு போடும் வரைபொறி வந்தது. அதன் பெரிய பயன் அழகு அல்ல, தவறு கண்டுபிடிப்பது. அட்டையில் ஒரு எண்ணை மாற்றிக் குத்தியிருந்தால் படத்தில் ஒரு கோடு தாளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடும். எண் பட்டியலில் ஒரு வாரம் தேடினாலும் அகப்படாத பிழை, படத்தில் ஒரு நொடியில் தெரியும். ஆனால் இது தட்டையான வலைக்குத்தான் சரி. முப்பரிமாண வலையைக் கோடுகளாக வரைந்தால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குருவிக்கூடு போல ஆகிவிடும்.

முப்பரிமாண வலையை ஒரு நிலநடுக்கப் பள்ளத்தாக்குக்கு விரித்தவர்களில் குறிப்பிட வேண்டியவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழுவினர். 1990களில் யாக்கோபோ பியலாக், ஓமர் கத்தாஸ், டேவிட் ஓ'ஹேலரன் ஆகியோர் நடத்திய 'குவேக்' திட்டம் அது. கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு நான்கு வலைகள் பின்னினார்கள். எத்தனை விநாடி அலையைப் பிடிக்கும் என்பதையே வலைக்குப் பெயராக வைத்தார்கள்: எஸ்எஃப்10, எஸ்எஃப்5, எஸ்எஃப்2, எஸ்எஃப்1. பத்து விநாடி வலையில் 7,294 முனைகள். ஐந்து விநாடிக்கு 30,169. இரண்டு விநாடிக்கு 3,78,747. ஒரு விநாடி அலையைப் பிடிக்கப் போனபோது 24,61,694 முனைகள்! பெட்டிகளோ சுமார் 1 கோடியே 40 இலட்சம். பத்து விநாடியிலிருந்து ஒரு விநாடிக்கு இறங்க வலை 300 மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது.

இவர்கள் எல்லா இடத்திலும் ஒரே கண் போடவில்லை. பாறையில் பெரிய நான்முகிகள், இளமண்ணில் பொடிப்பொடியானவை. அந்த வலையைப் படமாக வரைந்தபோது நெருக்கமான கோடுகள் சேர்ந்து பள்ளத்தாக்கின் உருவத்தைத் தாமாகவே வரைந்துவிட்டன. எங்கே கருமையாக அடர்ந்திருக்கிறதோ அங்கே மண் மென்மை. வலையின் படம் இங்கே வெறும் சரிபார்ப்பாக நிற்காமல், கணிப்பவர் அந்த நிலத்தைப் பற்றி என்ன நம்புகிறார் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் முடிவைக் காட்டுமுன் வலையைக் காட்டு என்கிறேன்.

இன்னொரு மரபு பாரிஸில் வளர்ந்தது. 1984இல் அந்தோனி பட்டேரா திரவ ஓட்டத்துக்காக உருவாக்கிய 'ஸ்பெக்ட்ரல் எலிமெண்ட்' முறையை டிமிட்ரி கொமாடிட்ச், ழான்-பியர் வில்லோத் ஆகியோர் 1998இல் நிலநடுக்க அலைகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். பிறகு கொமாடிட்ச் அமெரிக்கா சென்று யெரூன் டிராம்புடன் சேர்ந்து பூமி முழுவதற்கும் வலை பின்னினார். உருண்டையைப் பெட்டிகளால் நிரப்புவது சிக்கலான வேலை. தீர்க்கரேகைகளைப் போல வெட்டினால் துருவங்களில் எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் நெருங்கிப் பெட்டிகள் ஊசியாகிவிடும். எனவே ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களையும் ஊதிப் பெருக்கிக் கோளமாக்கினார்கள். பூமியின் மையத்திலும் அதே ஊசிச் சிக்கல். அங்கே ஒரு சின்னக் கனசதுரத்தையே வைத்து அடைத்தார்கள். ஆழம் போகப்போக அலையின் வேகம் கூடுவதால் கண்களை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனார்கள். எந்தச் செயலிக்கு எந்தத் துண்டு என்று வண்ணம் பூசிய அந்தப் படம், உரித்த ஆரஞ்சுச் சுளைகளைப் போல் இருக்கும்.

2002 நவம்பர் 3இல் அலாஸ்காவில் டெனாலி நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஜப்பானின் யோகோஹாமாவில் இருந்த 'எர்த் சிமுலேட்டர்' கணினியில் 1,944 செயலிகளை வைத்து, 550 கோடி புள்ளிகள் கொண்ட வலையில் பெரிய நிலநடுக்கங்களின் அலைகளை ஓடவிட்டார்கள். டெனாலியும் அவற்றில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் கார்டன் பெல் பரிசு அதற்குக் கிடைத்தது. கார்னகி மெலன் குழுவுக்கும் அதே ஆண்டு அதே பரிசில் ஒரு பிரிவு. உலகமே வியந்த அந்தக் கணக்கு எத்தனை விநாடி அலைவரை பிடித்தது தெரியுமா? ஐந்து விநாடி. நம் பத்து மாடி வீடு ஆடும் ஒரு விநாடிக்கு அது இறங்கவே இல்லை. குறை சொல்லவில்லை, அன்றைக்கு உலகின் மிக வேகமான கணினி அது.

வலை இவ்வளவு பெருத்தபின் பார்ப்பதே தனிக் கலையாகிவிட்டது. 1993இல் 'விடிகே' என்ற வரைகலை நூலகம் வந்தது. அதன்மேல் 2000இல் தொடங்கப்பட்ட 'பாராவியூ' பல கணினிகளில் சிதறிக் கிடக்கும் வலையைச் சேர்த்துக் காட்டியது. ஆனால் கோடிக்கணக்கான பெட்டிகளையும் திரையில் கொட்டினால் ஒன்றும் புரியாது. திரையில் அத்தனை புள்ளிகளே கிடையாது. ஆகவே மூன்று வேலை செய்வார்கள். ஒன்று, ரொட்டியைப் போலக் குறுக்கே வெட்டி உள்ளே பார்ப்பது. இரண்டு, ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் சுருக்கிவிடுவது. அப்போது இடுக்குகள் திறந்து, எங்கே ஒட்டவில்லை, எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று தெரியும். மூன்றாவதுதான் முக்கியம். நல்ல பெட்டிகளையெல்லாம் மறைத்துவிட்டுக் கோணலானவற்றை மட்டும் காட்டச் சொல்வது.

கோணல் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பயம்? கூரான்ட் விதி நினைவிருக்கட்டும். வலை முழுவதும் எடுத்து வைக்கும் அடியின் அளவை மிகச் சிறிய கண்ணே தீர்மானிக்கிறது. 40 கோடி பெட்டிகளில் ஒன்றே ஒன்று நசுங்கிப்போயிருந்தாலும் மற்ற அத்தனையும் அதன் நடைக்கு நடக்க வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டிய ஓட்டம் பத்து நாளாகும். அல்லது எண்கள் சிதறி ஓட்டமே நின்றுவிடும். அந்த ஒரு பெட்டி எங்கே? மலைச்சரிவு பாறை அடுக்கைத் தொடும் இடத்திலோ, களிமண் மெலிந்து பாறையில் முடியும் விளிம்பிலோ ஒளிந்திருக்கும். கோணலை 0 முதல் 1 வரை அளந்து, 0.8க்கு மேல் போனதைச் சிவப்பாகக் காட்டினால் சில நிமிடங்களில் பிடித்துவிடலாம்.

2006இல் கார்னகி மெலன் குழு இன்னும் ஒரு படி போனது. கணக்கை முடித்து, கோப்பாக்கி, பிறகு படமாக்குவது என்பதை விட்டு, வலை பின்னுவதும் அலை ஓடுவதும் படம் வரைவதும் ஒரே கணினியில் ஒரே ஓட்டமாக நடக்கும்படி செய்தார்கள். 2017இல் ஜெர்மானியக் குழு ஒன்று 2004 சுமத்ரா நிலநடுக்கத்தையே எடுத்துக்கொண்டது. 22 கோடிக்கு மேற்பட்ட நான்முகிகளில், 1,500 கிலோமீட்டர் நீளப் பிளவு 500 விநாடி கிழிபடுவதைக் கணக்கிட்டது. சின்னக் கண்கள் சின்ன அடியும் பெரிய கண்கள் பெரிய அடியும் எடுத்து வைக்கலாம் என்று அதில் ஏற்பாடு. ஒரு நசுங்கிய பெட்டிக்காக ஊரே காத்திருக்கும் நிலை அதனால் தளர்ந்தது. பிளவும் கடல்தரை எழும்பியதும்தான் அந்த ஆய்வின் நோக்கம். சிங்கப்பூரின் களிமண் அல்ல.

நம் களிமண்ணுக்கு வருவோம். சுமத்ராவிலிருந்து இங்கே வரை 600 கிலோமீட்டர் நீளம், 200 அகலம், 100 ஆழம் என்று ஒரு பாளத்தை எடுத்து, முழுக்க 12 மீட்டர் கண் போட்டால் சுமார் 7 இலட்சம் கோடி பெட்டிகள். நடக்கிற காரியமா? ஆனால் பாறைக்கு 300 மீட்டர் கண் போட்டால் 44 கோடிதான். தீவின் களிமண்ணுக்கு மட்டும், 40 மீட்டர் ஆழம்வரை 12 மீட்டர் கண் போட்டால் கூடுதலாக ஏறத்தாழ 40 இலட்சம். இரண்டையும் இணைக்கும் இடைநிலைப் பெட்டிகளைச் சேர்த்தாலும் இன்றைய கணினிக்கு இது பெரிய சுமை இல்லை. மிக முக்கியமான மண் மொத்த வலையில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அதைச் சோம்பலில் பாறையோடு சேர்த்துவிட்டால் படத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. கணக்கில் மட்டும் காணாமல் போய்விடும்.

இங்குள்ள பொறியாளர்கள் பெரிய வலைக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. கிளமெண்டிக்குப் பக்கத்திலேயே கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டி. பாலேந்திரா தொலைதூர நிலநடுக்கங்களுக்கு இங்குள்ள கட்டடங்கள் எப்படி ஆடும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் கட்டடங்கள் அதிர்வது பற்றிய அவர் நூல் 1993இலேயே வெளிவந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெகவாத்தி, பான் ஆகியோர் சுமத்ரா அலை இங்கே வரும்போது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதற்குச் சூத்திரங்கள் தந்தார்கள். பாறைவரை வரும் அலையை முதலில் மதிப்பிட்டு, அதன்மேல் களிமண்ணை ஒரு செங்குத்துத் தூணாக வைத்து எவ்வளவு பெருக்குகிறது என்று பார்ப்பது இத்துறையின் வழக்கமான முறை. 1972இல் பெர்க்லியில் எழுதப்பட்ட 'ஷேக்' நிரல் காட்டிய வழி அது. வலையே தேவையில்லை. என் கருத்தில், இந்த எளிய கணக்கு ஒரு மோசமான முப்பரிமாண வலையைவிட எவ்வளவோ மேல். 2013இல் கொண்டுவரப்பட்ட புதிய விதிமுறைகளும், 20 மீட்டருக்கு மேல் உயரும் புதிய கட்டடங்களுக்கு நிலத்தின் வகையைப் பார்த்து நிலநடுக்க வடிவமைப்பு தேவையா என்று சோதிக்கச் சொல்கின்றன.

ஆனால் தூண் கணக்குக்குப் பக்கவாட்டுப் பார்வை கிடையாது. 1995 ஜனவரி 17இல் கோபே நகரில் சேதம் ஒரு நீண்ட பட்டையாக விழுந்தது. பாறை முடிந்து மென்மையான படிவு தொடங்கும் விளிம்பில், கீழிருந்து வந்த அலையும் பக்கவாட்டில் புகுந்த அலையும் ஒன்றுசேர்ந்ததே காரணம் என்று முப்பரிமாணக் கணக்குகள் காட்டின. விளிம்பைப் பார்க்க வலைதான் வேண்டும்.

அப்படியானால் கிளமெண்டியின் பத்தாவது மாடிக்காரருக்கு என் பதில் இது. உங்கள் புளோக் ஜூரோங் பாறைமேல் நின்றால், அதே பத்து மாடி காலாங்கில் ஆடுவதைவிடக் குறைவாகவே ஆடும். ஆனால் உங்களுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த பாண்டான் ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. பாறை முடிந்து இளமண் தொடங்கும் கோடு அந்தப் பக்கத்தில் எங்கோ ஓடுகிறது. 300 மீட்டர் கண் கொண்ட வலையில் அந்தக் கோடு ஒரே பெட்டிக்குள் அடங்கி, இருபுறமும் ஒரே நிறமாக வரும். 12 மீட்டர் கண்ணில் இருபத்தைந்து பெட்டிகளாகப் பிரிந்து, எந்தப் பெட்டியில் பாறை, எந்தப் பெட்டியில் களிமண் என்று தனித்தனியாகத் தெரியும்.